சொல்லாமல் விட்ட பாடம்

ஊர்காவற்றுறைக்கு அணித்தாயுள்ள சிற்றூர் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தாம் கற்பித்த பாடங்களுள் ஒன்றை மாத்திரம் என்றுமே முழுமையாகக் கற்பித்ததில்லை. மனித இனப்பெருக்கத் தொகுதி என்னும் அப்பாடம் வரும் நாளில் கரும்பலகையில் படத்தை விரைந்து வரைவார். விதை, சுக்கிலப் புடகம், முன்னிற்கும் சுரப்பி எனப் பெயர்களைக் குறிப்பார். "மிச்சத்தை வீட்டில வாசியுங்கோ, சோதினைக்கு வரும்" என்று கூறிவிட்டுப் படத்தை அழித்துவிடுவார். மாணவர் தலைகுனிந்து எழுதி முடிப்பர். அதனை ஒரு குறையாக எவரும் கருதியதில்லை. பெற்றோர் அதனைப் பண்பு என்றே கொண்டனர். அவரும் அவ்வாறே எண்ணியிருந்தார்.

கரும்பலகையில் அவர் எழுதி அழித்த பெயர்களுள் ஒன்று, 2019 ஆம் ஆண்டில், அவருடைய அறுபத்தாறாவது வயதில், அவருடைய நோய்க்குறிப்பேட்டில் எழுதப்பட்டது.

முன்னிற்கும் சுரப்பி ஆண்களிடத்து மாத்திரம் உள்ள உறுப்பு. சலப்பைக்கு நேர் கீழே, கொட்டைப்பாக்கின் பருமனில், ஏறத்தாழ இருபது கிராம் நிறையுடையதாய் அமைந்திருப்பது. சலக்குழாய் இதனை ஊடறுத்துச் செல்கின்றது. சுக்கிலப்பாயத்தின் ஒரு பகுதியைச் சுரப்பதே இதன் தொழில். வயது ஏற ஏற இது பருமனடைவது ஆண்கள் பலருக்கும் பொதுவானது. அவ்வாறு பருமனடைகையில் சலக்குழாய் நெருக்குண்டு சலம் தடைப்படும். அது புற்றுநோயன்று. ஆனால் அதே சுரப்பியில் புற்றுநோயும் தோன்றக்கூடும். தொடக்கத்தில் அது பெரும்பாலும் எவ்வித நோவையும் தருவதில்லை. ஆசிரியர் இரவில் நான்கு முறை எழும்ப நேர்ந்தமையாலேயே வைத்தியரிடம் சென்றார். இரத்தப் பரிசோதனையும் இழையப் பரிசோதனையும் புற்றுநோய் என்று காட்டின. நல்வாய்ப்பாக அது சுரப்பியைக் கடந்து பரவியிருக்கவில்லை. சுரப்பியை முற்றாக அகற்றுவது என்று முடிவாயிற்று. குடாநாட்டுக்கு வெளியே ஒரு நகரத்து வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது.

சத்திரசிகிச்சைக்கு முன்னர் வைத்தியர் பலவற்றை விளக்கினார். இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, சலம் கட்டுப்பாடின்றி ஒழுகுதல் என ஒவ்வொன்றாகச் சொல்லிவந்து, "தாம்பத்தியத்திலயும் கொஞ்சம் குறை வரலாம்" என்று ஒரே வசனத்தில் முடித்தார். ஆசிரியர் தலையசைத்துக் கையொப்பமிட்டார். "குறை" என்றால் யாது, எவ்வளவு காலத்துக்கு, நோகுமா என்றெல்லாம் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. உயிர் தப்புமா என்ற கேள்வியின் முன் ஏனைய கேள்விகள் நாணி ஒதுங்கிக்கொண்டன. மனைவி அறைக்கு வெளியே வாங்கில் இருந்தார். அவரை உள்ளே அழைக்கவேண்டும் என்று வைத்தியருக்கும் தோன்றவில்லை, கணவருக்கும் தோன்றவில்லை. பல ஆண்டுகளாக வகுப்பறையில் அவர் செய்துவந்தது எதுவோ, அதனையே அன்று அவரும் வைத்தியரும் சேர்ந்து செய்தனர்: படத்தை வரைந்தார்கள், அழித்தார்கள்.

நோய் நீங்கிற்று. அதனை முதலிற் சொல்லிவிடவேண்டும். ஏனெனில் பின்வருவன யாவும் உயிரோடிருப்பவனுக்கே உரிய துன்பங்கள். சலக்குழாயில் இடப்பட்ட குழாய் இரு வாரங்களில் அகற்றப்பட்டது. அதன்பின் தும்மினாலும் இருமினாலும் சலம் ஒழுகிற்று. வாளியைத் தூக்குகையிலும் சைக்கிளில் ஏறுகையிலும் ஒழுகிற்று. வெள்ளை வேட்டியன்றி வேறு உடுத்தறியாத அவர் கறுத்தக் காற்சட்டைக்கு மாறினார். இருக்கும்போது தொடைகளுக்கிடையே ஆழத்தில் ஒரு நோவு. முள் ஒடிந்து உள்ளே நின்றுவிட்டாற்போல. மாதங்கள் செல்ல ஒழுக்கு குறைந்தது. செப்ரெம்பரில், ஏழு மாதங்களின் பின்னர், கணவனும் மனைவியும் ஓர் இரவு நெருங்கியபொழுது மற்றைய மாற்றங்கள் தெரியவந்தன. விறைப்பு இல்லை. சுக்கிலம் வெளிவரவில்லை. உச்சத்தில் இன்பத்தோடு ஒரு கடுமையான இசிவும் நோவும் எழுந்தன. அதனோடு சிறிது சலமும் கசிந்தது. புற்றுநோய் திரும்பிவிட்டதென்று அவர் அஞ்சினார். அச்சத்தைக் காட்டிலும் நாணம் பெரிதாயிருந்தது. எழுந்து கிணற்றடிக்குச் சென்றார். நெடுநேரம் திரும்பிவரவில்லை.

அவருக்கு நேர்ந்தவற்றுள் எதுவும் விதிவிலக்கன்று. சுரப்பியும் சுக்கிலப் புடகங்களும் அகற்றப்பட்டபின் சுக்கிலம் வருவதற்கு வழியில்லை. ஆயினும் உச்சவின்பத்தை உணரும் ஆற்றல் அழிவதில்லை. உச்சத்தின்போது சலம் கசிவதும் சிலருக்கு நோவு உண்டாவதும் இச்சிகிச்சையின் பின்னர் அறியப்பட்ட விளைவுகள். சலப்பைக் கழுத்தினதும் இடுப்புத்தளத் தசைகளினதும் இசிவே அந்நோவுக்குக் காரணம் என்று கருதப்படுகின்றது. பெரும்பாலானோருக்குக் காலப்போக்கில் அது தணிகின்றது. விறைப்பு அற்றுப்போவதற்கான காரணம் வேறு. அது நரம்புகளைப் பற்றியது. அந்த வரலாற்றில் ஊர்காவற்றுறைக்குப் பெயரளவிலாவது ஒரு தொடர்பு உண்டு.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் அமைந்த தீவு லைடன் ஆயிற்று. அந்த மூல லைடன் நகரத்திலே, 1981 ஆம் ஆண்டில், ஓய்வுபெற்ற சிறுநீரகத் தொகுதி மருத்துவப் பேராசிரியர் பீற்றர் டொங்கர் என்பவர், இறந்து பிறந்த குழந்தையொன்றின் உடலில் இடுப்புக் குழியின் நரம்புகளைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த பற்றிக் வோல்ஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் அவரோடு இணைந்தார். விறைப்புக்குரிய நரம்புகள் சுரப்பியின் ஊடே செல்வன என்றும், சுரப்பியை அகற்றினால் அவை அறுபடுவது தவிர்க்கமுடியாதது என்றும் அதுவரை மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. அவை சுரப்பியின் இரு மருங்கிலும் வெளிப்புறமாக ஓடுகின்றன என்பதை இருவரும் கண்டனர். 1982 ஏப்ரில் 26 ஆம் நாள் பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் அந்நரம்புகளைக் காத்துச் சுரப்பியை அகற்றும் சிகிச்சையை வோல்ஸ் செய்தார். ஐம்பத்திரண்டு வயதினரான அந்நோயாளியின் ஆற்றல் ஓராண்டுக்குள் மீண்டது.

ஆயினும் அந்நரம்புகள் மென்மையானவை. அறுபடாது காக்கப்பட்டவிடத்தும் அவை அதிர்ந்து செயலிழந்து, மீள்வதற்கு ஈராண்டு வரையும் எடுப்பதுண்டு. வயது, நோயின் பரப்பு, சிகிச்சைக்கு முன்னிருந்த நிலை ஆகியவற்றைப் பொறுத்துச் சிலருக்கு முழுதாக மீளாமலும் போகும். இதனை முன்னரே அறிந்திருந்தால் ஆசிரியருக்கு அந்த இரவு வேறு விதமாக அமைந்திருக்கும்.

அவர் அறிந்திருக்கவில்லை. மறுநாள் தமது கட்டிலை விறாந்தைக்கு மாற்றினார். "உள்ளுக்க சரியான வெக்கை" என்றார். மார்கழி வந்து வாடைக்காற்று வீசியபோதும் கட்டில் விறாந்தையிலேயே கிடந்தது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. போர்வையொன்றை மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

இவர்கள் பேசத் தெரியாதவர்கள் அல்லர். 1990 ஆம் ஆண்டில் தீவுப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது, இரு குழந்தைகளோடும் ஒரு பெட்டியோடும் வெளியேறி, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடமொன்றின் மண்டபத்தில் நூறு பேருக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தவர்கள். அங்கே இரவில் ஒருவர் காதில் ஒருவர் பேசிப் பழகியவர்கள். அரிசி, பணம், பிள்ளைகளின் காய்ச்சல், ஊருக்குத் திரும்புதல் என அவர்கள் அப்போது பேசாத பொருளில்லை. இப்போது பிள்ளைகள் இருவரும் பிரான்சில். வீட்டில் வேறொருவரும் இல்லை. உரத்துப் பேசினாலும் கேட்பாரில்லை. இந்த வீட்டிலேதான் பேச்சு நின்றுபோயிற்று.

மௌனத்தை மனைவி தமக்குத் தெரிந்தவாறு பொருள்கொண்டார். வயதாகிவிட்ட தம்மை அவர் வெறுத்துவிட்டார் என்று ஒரு நாள் எண்ணினார். சாவுக்கு அஞ்சித் துறவியாகிறார் என்று மற்றொரு நாள் எண்ணினார். ஒரு வெள்ளிக்கிழமை குறிகாட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவுக்குச் சென்று நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்துத் திரும்பினார். என்ன நேர்த்தி என்று கணவர் கேட்கவில்லை. தம் உடம்புக்காகத்தான் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

இம்மௌனம் தீவுப்பகுதிக்கு மாத்திரம் உரியதன்று. பிரெஞ்சு சனாதிபதி பிரான்சுவா மித்தரோன் 1981 இல் பதவியேற்ற சில மாதங்களில் அவருக்கு இச்சுரப்பியிற் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 1992 இல் சத்திரசிகிச்சை நடக்கும்வரை நாட்டுக்கு அது மறைக்கப்பட்டிருந்தது. அமெரிக்க அரசியல்வாதி பொப் டோல் 1991 இல் இப்புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்றவர். பின்னாளில் அதன் பாலியல் விளைவுகளைப்பற்றித் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசினார். பலர் நகைத்தனர், பலர் வைத்தியரிடம் சென்றனர். 2024 சனவரியில் பிரித்தானிய மன்னர் மூன்றாம் சார்ள்ஸ் தமது சுரப்பி பருமனடைந்திருப்பதை வெளிப்படையாக அறிவித்ததும், அந்நோயைப்பற்றி அந்நாட்டுச் சுகாதார சேவையின் இணையத்தளத்தில் தேடியோர் தொகை பன்மடங்காயிற்று. ஒருவர் வாய்திறந்தால் மற்றவர்களுக்குக் கேட்கும் துணிவு பிறக்கின்றது.

தமிழிற் சொற்கள் இல்லாமையால் நேர்ந்த மௌனம் என்றும் இதனைக் கூறமுடியாது. செகராசசேகரம், பரராசசேகரம் என மன்னர் பெயரால் வைத்திய நூல்கள் எழுந்த நாடு யாழ்ப்பாணம். 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். அவரும் அவர்தம் மாணவரும் 'இரணவைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலை 1867 இலும், 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலை 1872 இலும் தமிழில் தந்தனர். உடலின் எந்த உறுப்பையும் நாணாது பெயரிட்டு விளக்கும் உரைநடை அன்றே பிறந்துவிட்டது. ஆனால் அந்நூல்களின் தமிழ் வைத்தியனுக்கும் மாணவனுக்கும் பயன்பட்ட அளவுக்குக் கணவனுக்கும் மனைவிக்கும் பயன்படவில்லை. 'முன்னிற்கும் சுரப்பி' என்ற சொல்லை நூற்றுக்கணக்கான மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், தம் வீட்டில் அந்நோயைச் "சலப் பிரச்சினை" என்றே சொல்லிவந்தார். பாரிசிலிருந்து பேசிய மகனுக்கும் அதே சொல்தான்.

2020 பெப்ரவரியில் யாழ்ப்பாண நகரில் கிளினிக் ஒன்றின் வாங்கில் அவர் காத்திருந்தபோது, அருகில் நெடுந்தீவுக் கடற்றொழிலாளர் ஒருவர் வந்து அமர்ந்தார். ஆசிரியர் என்பதைத் தோற்றத்திலேயே அறிந்துகொண்டார் போலும்.

"மாஸ்ரர், உங்களுக்கும் உந்தச் சலக் கரைச்சல்தானோ?"

ஆசிரியர் ஆம் என்றார்.

"எனக்கு உள்ளால விட்டுச் சுரண்டினவை. சலம் இப்ப தடையில்லாமல் போகுது. ஆனால் மற்ற விசயத்தில ஒரு புதினம். எஞ்சின் ஓடுது மாஸ்ரர். தண்ணிதான் வெளியால வருகுதில்லை!"

படகின் வெளியிணைப்பு எஞ்சின் ஓடும்போது பின்புறத்தால் நீர் பீறிட்டுக்கொண்டிருக்கவேண்டும். நீர் நின்றால் எஞ்சின் சூடேறி எரிந்துபோகும். கடலுக்குப் போகும் எவருக்கும் அது தெரியும். "நான் பயந்திட்டன். மனிசிதான் சொன்னவ, வெக்கப்படாமல் டொக்ரரைப் போய்க் கேளுங்கோ எண்டு. கேட்டன். அது சலப்பைக்குள்ள போய், பிறகு சலத்தோட வருமாம். ஒண்டும் எரியாதாம்." இவ்வாறு கூறி அவர் வாய்விட்டுச் சிரித்தார். வாங்கிலிருந்த மற்றும் இருவரும் சிரித்தனர். சிரித்த இருவரும் பின்னர் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினர்.

கடற்றொழிலாளருக்கு நடந்தது புற்றல்லாத பருமனுக்குரிய சிகிச்சை. சலக்குழாயின் வழியே கருவியைச் செலுத்தி, தடையாயுள்ள இழையத்தை மாத்திரம் செதுக்கி எடுப்பது. அதில் விறைப்பு பெரும்பாலும் கெடுவதில்லை. சுக்கிலம் பின்னோக்கிச் சலப்பைக்குட் செல்வதே மிகப் பொதுவான விளைவு. ஆசிரியரின் நிலை வேறு. ஆயினும் அன்று அவருக்குக் கிடைத்தது மருத்துவ அறிவு மாத்திரமன்று. எழுத்தறிவிலே தமக்குக் குறைந்தவர் என்று தாம் கருதக்கூடிய ஒருவர், தம் மனைவியிடம் அன்றைக்கே சொல்லியிருக்கின்றார். மனைவி வைத்தியரிடம் அனுப்பியிருக்கின்றார். இவ்வளவே. அதைத் தாம் ஏன் செய்யவில்லை என்ற வினாவோடு ஆசிரியர் உள்ளே சென்றார். அன்று முதன்முறையாகக் கேட்கவேண்டியவற்றைக் கேட்டார். வைத்தியர் தாளொன்றில் படம் வரைந்து விளக்கினார். நோவு புற்றுநோயின் மீள்வரவன்று என்பதைப் பரிசோதனை முடிவைக் காட்டித் தெளிவாக்கினார்.

அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார். பண்ணைத் தாம்போதியின் இரு மருங்கிலும் பரவைக்கடல் வற்றிக் கிடந்தது. வீட்டுக்கு வந்து, விளக்கேற்றும் நேரம் கழிந்தபின், மனைவியை அழைத்து மேசையருகே இருத்தித் தாளை விரித்தார். பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எது அகற்றப்பட்டது, எது எஞ்சியுள்ளது, அந்த இரவு என்ன நேர்ந்தது, கிணற்றடியில் ஏன் நின்றார் என யாவற்றையும் சொன்னார். தொடக்கத்தில் வகுப்பெடுக்கும் குரலாயிருந்தது. நடுவிலே அக்குரல் உடைந்தது.

மனைவி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சேருங்கோ, உதை எனக்குச் சொல்ல ஏன் இவ்வளவு நாள்?" என்றார். சிறிது பொறுத்து, "என்னில என்ன பிழை கண்டியள் எண்டு தெரியாமல், நான் நாகபூசணியிட்ட நேத்தி வைச்சுப்போட்டு வந்தனான்" என்றார்.

"உம்மில ஒரு பிழையும் இல்லை."

"எனக்கும் ஐம்பதுக்குப் பிறகு நோகிறதுதான். நீங்கள் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை."

ஆசிரியர் இதனை எதிர்பார்த்திருக்கவில்லை. மாதவிலக்கு நின்றபின் பெண்ணுடலில் ஈரப்பசை குன்றி உறவு நோவதாவதும் இயல்பானதே. அதற்கும் எளிய மருந்துகளும் களிம்புகளும் உண்டு. பத்தாண்டுக்கு மேலாக அவர் அந்நோவைப் பொறுத்திருந்தார் என்பது கணவருக்குத் தெரியாது. வெளித் தெரிந்த மௌனம் ஆறு மாதத்தினது. அதற்கு அடியிலே அதைவிட மூத்த மௌனமொன்று இருந்துவந்திருக்கின்றது. அதற்கு எந்தச் சத்திரசிகிச்சையும் காரணமன்று.

அதன்பின் நிகழ்ந்தவை அற்புதங்கள் அல்ல. 1998 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று உலகெங்கும் பரவிய சில்டெனபில் என்னும் குளிசை அவருக்கு ஆகாது என்று வைத்தியர் மறுத்துவிட்டார். நெஞ்சுநோவுக்கு நாவின் கீழ் வைக்கும் நைத்திரேற்றுக் குளிசையை அவர் பயன்படுத்துபவர். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுக்கம் உயிராபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடும். வைத்தியரைக் கேளாது கடையில் இக்குளிசையை வாங்குவோர் கருத்திற்கொள்ளவேண்டியது இது. வெற்றிடப் பம்பு, ஊசிமருந்து என வேறு வழிகளும் சொல்லப்பட்டன; அவை வேண்டாம் என்று இருவரும் கூடித் தீர்மானித்தனர். இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்தார். மகப்பேற்றின் பின் பெண்களுக்கென 1948 இல் ஆர்னல்ட் கெகல் என்னும் அமெரிக்க வைத்தியர் வகுத்தளித்த அப்பயிற்சி இன்று ஆண்களுக்கும் பயன்படுகின்றது. தசையிசிவைத் தளர்த்தும் மருந்தொன்றும் சில மாதங்கள் கொடுக்கப்பட்டது. ஒழுக்கு ஏறத்தாழ நின்றது. நோவு தணிந்தது, முற்றாக நீங்கவில்லை. விறைப்பு முன்போல் மீளவில்லை. மீளாது என்பதை ஈராண்டின் பின்னர் இருவரும் ஏற்றுக்கொண்டனர்.

ஆனால் மார்ச் மாதத்து ஊரடங்கு நாடெங்கும் வருமுன்னரே கட்டில் விறாந்தையிலிருந்து உள்ளே வந்துவிட்டது. ஆளில்லாத் தெருவைப் பார்த்தபடி நாட்கணக்காக வீட்டிலிருந்த அக்காலத்தில், நோகாத அண்மை எது, நோகும் அண்மை எது என்பதை இருவரும் ஒருவரையொருவர் கேட்டு அறிந்துகொண்டனர். அறுபது வயதுக்கு மேல் இவையெல்லாம் எதற்கு என்று ஊர் கேட்கக்கூடும். மணமாகி நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் கையை மற்றவர் அஞ்சாது பற்றுவதற்கே இவ்வளவும் தேவைப்பட்டது என்பதுதான் விடை.

அண்மைய ஆண்டுகளில், சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்யும் அயல்வீட்டுப் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் அவரிடம் விஞ்ஞானம் கேட்டுப் படிக்க வருகின்றனர். ஒரு முறை இனப்பெருக்கத் தொகுதி வந்தபோது பையன் ஒருவன் அப்பக்கத்தை விரைந்து புரட்டினான். ஆசிரியர் தடுத்து முன்பக்கத்துக்குத் திருப்பச் சொன்னார். கரும்பலகையிற் படத்தைப் பெரிதாக வரைந்து, முன்னிற்கும் சுரப்பியின் இரு மருங்கிலும், பாடநூற் படத்தில் இல்லாத இரு கோடுகளை இட்டார். இவை நரம்புகள், இவற்றின் வழியை 1981 இல் லைடன் என்னும் நகரிலே கண்டறிந்தார்கள், நாம் இருக்கும் தீவுக்கும் ஒல்லாந்தர் இட்ட பெயர் அதுவே என்றார். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தனர். உள்ளே அடுக்களையில் மனைவி தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. பாடம் முடியும்வரை படத்தை அழிக்கவுமில்லை.